ஓடப் பிறந்த நாய்



கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை. எங்கள் திற்பரப்பில், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்தான்.

"சாரே, எங்க வீட்டுப் பட்டிய நாளைக்கு அருவிப் பக்கம் கடைத்தெருவுல கொண்டு விடப் போறாவ. நீங்க அப்பாட்ட சொல்லணும்" என்றான்.

எங்கள் குமரி மாவட்டத்தில் நாயைப் பட்டி என்றும் சொல்வோம். அவன் மாமா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பரிசாகக் கொண்டு வந்து கொடுத்த சிப்பிப்பாறை நாய் அது. குட்டியாக இருந்தவரை தெருவே கொஞ்சியது. எட்டு மாதம் ஆனதும் கால் நீண்டது, கம்ப்ளைண்டும் நீண்டது! அடுத்த வீட்டுக் கோழியைத் துரத்திப் பிடித்துவிட்டது. கட்டிப் போட்டால் இரவு முழுக்க ஊளையிடுகிறது. எவ்வளவு சோறு போட்டாலும் எலும்பும் தோலுமாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம், "பட்டினி போடுகிறீர்களா?" என்று கேட்கிறார்கள்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. கோழி விவகாரத்தின்போது, "சங்கிலியில் கட்டிப் போடுங்கள்" என்று யோசனை சொன்னவனே நான்தான். முப்பது வருடம் பாடம் நடத்தியவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவன் அப்பாவும் கட்டிப் போட்டார். அது தவறு என்று கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது.

வேட்டை நாய்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை மோப்பம் பிடித்துப் போகும். இன்னொரு வகை கண்ணால் பார்த்து, பார்த்ததைத் துரத்திப் பிடிக்கும். தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயல் துரத்திய சிப்பிப்பாறையும் கன்னியும், கர்நாடகத்தின் முதோல் நாயும் இரண்டாவது வகை. இங்கிலாந்தில் 'விப்பெட்' என்று ஒரு நாய் இருக்கிறது. அதுவும் இவற்றின் தூரத்துச் சொந்தம் போலத்தான்: கூர்மையான முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, மெல்லிய தோல். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பிவிடும். சிவிங்கிப்புலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்த உடம்புக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் அழகு. கொழுக்க வைத்தால் மூட்டு கெடும். கோழியைத் துரத்தியதும் கெட்ட குணத்தால் அல்ல; ஓடுவது எதுவோ அதன் பின்னால் ஓடு என்றுதான் அதன் கண் சொல்கிறது. ஓடப் பிறந்த பிராணியை இரண்டு கெஜம் சங்கிலியில் நாள் முழுக்க நிறுத்தினால், ஊளையிடாமல் பாட்டா பாடும்?

விப்பெட்டை அந்தக் காலத்தில் அங்கே அதிகம் வளர்த்தவர்கள் பணக்காரர்கள் அல்லர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். ஓய்வு நாளில் பந்தயம் வைப்பார்கள். எஜமான் ஓட்டப்பாதையின் கடைசியில் நின்று ஒரு துணியை ஆட்டுவார். நாய் அதை நோக்கிப் பறந்து வரும். இதைக் கேட்டதும் நம் பையன் அம்மாவின் பழைய துவர்த்து ஒன்றை எடுத்துக்கொண்டான். சுற்றுச்சுவரும் கேட்டும் உள்ள ஒரு தோட்டத்துக்காரர் அனுமதி தந்தார். காலையிலும் மாலையிலும் அங்கே கேட்டைப் பூட்டிக்கொண்டு துவர்த்து ஆட்டம்! பத்து நிமிடம் ஓடியதும் நாய் நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்துவிடும். இரவு ஊளை இரண்டே வாரத்தில் நின்றது.

ரோட்டில் மட்டும் இந்த வகை நாயை அவிழ்த்து விடவே கூடாது. ஆட்டையோ பூனையோ பார்த்துவிட்டால், வருகிற பஸ் அதன் கண்ணில் படாது. தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும். அகலமான பட்டை வேண்டும். வயிறு நிறையத் தின்றவுடன் ஓட விடக் கூடாது. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வேகவைத்த கோழி எலும்பு, வெங்காயம், சாக்லேட் இவையும் வேண்டாம்.

கரிசல் காட்டு வெயிலுக்குப் பழகிய நாய்க்கு எங்கள் ஊர் மழை ஒத்துவராது. ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை! உடம்பில் கொழுப்பும் இல்லை, அடர்ந்த ரோமமும் இல்லை. திண்ணையில் நடுங்கிக்கொண்டிருந்ததை வீட்டுக்குள் எடுத்து, சாக்கின் மேல் பழைய போர்வை விரித்துக் கொடுத்தார்கள். ரப்பர் தோட்டம் போய் வந்தால் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்ப்பது பையனின் வேலை.

தடுப்பூசி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி தவறாமல். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, பெரியவர்களிடம் சொல்லி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1885-இல் லூயி பாஸ்டர் இந்தத் தடுப்பூசியை முதலில் போட்டுக் காப்பாற்றியதும் உங்களைப் போன்ற ஒன்பது வயதுப் பையனைத்தான். நம் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் வந்ததும் இந்த நோய்க்காகவே.

2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020-இல் பிரதமர் வானொலியில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். நம் நாட்டு இனங்களை வளர்க்க ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால், இவை பன்னிரண்டு வருடத்துக்கு மேலும் வாழக்கூடியவை. இன்று குட்டி கேட்டு அடம் பிடிக்கும் நீங்கள், அது கிழடாகும்போது கல்லூரியில் இருப்பீர்கள்! அதுவரை தினமும் இரண்டு வேளை யார் ஓட விடுவார்கள் என்பதற்குப் பதில் தெரிந்த பிறகு அப்பாவிடம் கேளுங்கள். அருவிக்கு வருகிறவர்கள் வீசும் எச்சில் இலைக்குச் சண்டை போட்டுக்கொண்டு, ஒரு காலத்தில் வீட்டு நாயாக இருந்தவை எத்தனையோ இங்கே திரிகின்றன. கழுத்தில் பட்டைத் தழும்பு இன்னும் இருக்கும்.

நம் பையனின் நாய் அங்கே போகவில்லை. அவன் அப்பா ஒரு மாதம் பார்க்கலாம் என்றார், மாதம் மூன்றாகிவிட்டது. கோழிக்காரருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. துவர்த்துதான் நார் நாராகக் கிழிந்துவிட்டது. நேற்று என்னிடம் வந்து, "சாரே, வீட்டுல பழைய வேட்டி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டான்.