எருசலேம் குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

எருசலேம் நகரைப் பற்றியும் அதைச் சூழ்ந்த பாலஸ்தீன பூமியைப் பற்றியும் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கில் நமது சங்கம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அங்கத்தினர் பலர் கேட்டிருக்கிறார்கள். கருத்து வேற்றுமைகளை மறைக்காமல் பல அமர்வுகளில் விவாதித்த பின்னர், நிர்வாகக் குழு ஏகமனதாக வந்தடைந்த முடிவு இது: ஒரு ஸ்தலம் பவித்திரமானது என்னும் நம்பிக்கை அங்கே வழிபடும் உரிமைக்கு ஆதாரமாகுமேயன்றி, அங்கே குடியிருக்கும் மற்றொருவனை வெளியேற்றும் உரிமைக்கு ஒருபோதும் ஆதாரமாகாது.

யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்வியைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்துவிடலாம் என்பாரோடு நாங்கள் உடன்படவில்லை. கி.பி. 70-இல் ரோமானியர் எரித்தழித்த ஆலயத்தை யூதர்கள் இன்றளவும் பிரார்த்தனையில் நினைந்து உருகுகிறார்கள். இயேசு அடக்கம் செய்யப்பட்டு உயிர்த்தெழுந்த இடமென்று கிறிஸ்தவர்கள் கல்லறைத் தேவாலயத்தைத் தொழுகிறார்கள். நபிகள் நாயகத்தின் விண்ணேற்றத்தோடு முஸ்லிம்கள் சேர்த்துப் போற்றும் மேட்டில், கலீபா அப்துல் மலிக் எழுப்பிய பாறைக் குவிமாடம் பதின்மூன்று நூற்றாண்டுகளாக நிற்கிறது. மூன்றும் மெய்யான பக்தியே. ஒன்றைப் பொய்யென்று நிரூபித்துத்தான் மற்றொன்றை மெய்யாக்க வேண்டும் என்ற அவசியம் எதுவுமில்லை.

ஆயினும் பக்தியின் பெயரால் நடந்த கொடுமை கொஞ்சநஞ்சமன்று. 1099 ஜூலையில் சிலுவைப் போர்வீரர்கள் நகரத்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். 1187-இல் நகரை மீட்ட முஸ்லிம் சுல்தான் சலாஹுதீன் பழிக்குப் பழி வாங்காமல், தோற்றவர்கள் மீட்புப் பணம் செலுத்தி வெளியேற இடமளித்தார். பணம் கொடுக்க இயலாத ஏழைகளில் பலர் அடிமைகளானார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. நம் காலத்துக்கு வந்தால், 1948 யுத்தத்தில் ஏறக்குறைய 7 லட்சம் பாலஸ்தீனியர் வீடுவாசல் இழந்தனர்; அதே ஆண்டு பழைய நகரத்து யூதர்களும் தங்கள் தெருக்களிலிருந்து துரத்தப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் தாங்கள் தொழும் மேற்குச் சுவரை அணுக முடியாதிருந்தனர். 1967 ஜூனில் இஸ்ரேல் பழைய நகரைக் கைப்பற்றிய சில நாட்களுக்குள், அச்சுவரின் எதிரே பல நூற்றாண்டுகளாக இருந்த, மக்ரிபியர் என்னும் வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின் குடியிருப்பு, தொழவருவோருக்கு இடம் வேண்டுமென்று, ஓரிரு இரவுகளில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சுவரில் நெற்றி பதித்து அழும் யூதனின் கண்ணீரை நாங்கள் மதிக்கிறோம். அவன் நிற்கும் தளத்தின் கீழே பிறர் வீடுகளின் அஸ்திவாரங்கள் இருப்பதையும் மறக்க மறுக்கிறோம்.

வேறு மார்க்கம் உண்டா என்று கேட்பவர்களுக்கு, அந்நகரத்திலேயே உள்ள ஒரு கதவைக் காட்ட விரும்புகிறோம். கல்லறைத் தேவாலயத்தில் பாத்தியதை கொண்டாடும் கிறிஸ்தவப் பிரிவுகள் தமக்குள் ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டதால், அதன் சாவியும் கதவைத் திறக்கும் பணியும் பல நூற்றாண்டுகளாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம் இருந்துவருகின்றன. விடியுமுன் சாவி வருகிறது. இரவெல்லாம் உள்ளே தங்கிய குரு, கதவிலுள்ள சிறு துவாரத்தின் வழியே ஓர் ஏணியை நீட்டுகிறார். வெளியே நிற்கும் முஸ்லிம் காவலர் அதன்மேல் ஏறி மேற்பூட்டைத் திறக்கிறார். எந்தப் பிரிவு எந்த விளக்கை ஏற்றுவது, எந்தப் படியைப் பெருக்குவது என்பதெல்லாம் 1852-இல் ஒட்டோமன் சுல்தான் உறுதிப்படுத்திய மாமூல் வழக்கத்தின்படி நடக்கின்றன. அங்கே பூசலே இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. 2008-இல்கூடத் துறவிகள் கைகலந்தார்கள். ஆனால் 1947 முதல் இரும்புச் சட்டகங்களின் தாங்கலில் நின்ற கல்லறை மண்டபத்தை, உரிமை யாருக்கு என்ற கேள்வியைத் தீர்க்காமலே, அங்கே முதன்மை உரிமை கொண்ட மூன்று கிறிஸ்தவப் பிரிவுகளும் இணங்கி 2017-இல் செப்பனிட்டு முடித்தன.

ஆகவே, எருசலேமின் அரசுரிமை படைபலத்தாலோ ஒருதலைப்பட்சமான சட்டத்தாலோ தீர்மானிக்கப்படக் கூடாது. இரு மக்களின் சம்மதத்தாலேயே தீர்மானிக்கப்பட வேண்டும். நகரம் முழுவதையும் தன் தலைநகரென்று அறிவித்து இஸ்ரேல் 1980-இல் இயற்றிய சட்டம் செல்லாது என்ற ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 478-ஆம் தீர்மானத்தை ஆதரிக்கிறோம். ஆக்கிரமித்த நிலத்தில் குடியேற்றங்கள் கட்டுவதைக் கண்டிக்கிறோம். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று, ஏதுமறியாதவர்களைப் பிணைக்கைதிகளாக இழுத்துச் சென்றதை எந்த அநீதியின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அதன்பின் காசாவில் பல பதினாயிரம் உயிர்களைக் கொன்று, பட்டினியையும் ஆயுதமாக்கியதை எந்தத் துக்கத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. வீடிழந்த அகதிகளின் கோரிக்கை எந்த ஒப்பந்தத்திலும் பின்னிணைப்பாகத் தள்ளப்படலாகாது.

அந்நகருக்கு யாத்திரை செல்லும் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தத்தம் மதத்தின் ஸ்தலத்தை மட்டும் தரிசித்துத் திரும்பிவிடாமல், ஒருநாள் வைகறையில் கல்லறைத் தேவாலயத்தின் கல் முற்றத்திற்குச் சென்று, கதவு திறக்கப்படுவதைச் சற்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.