மனுவில் கையெழுத்துப் போடுமுன்...



சென்னையில் நமது கடைவீதிக்கு அடுத்த தெருவில் வீடற்றோர் காப்பகம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, ஒரு மனு கடை கடையாக வந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்துக்கு அருகில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருப்பதால் காப்பகம் கூடாது என்பதே மனு. நம் கல்லா மேஜைக்கும் அது வந்தது. நாம் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். அதற்கான பதிலை எழுத்திலேயே தந்துவிடுகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பெற்றோர்களின் பயம் பொய்யான பயமல்ல. நம் பேத்தியும் அங்கேதான் படிக்கிறாள். மாலையில் பிள்ளைகள் வெளியே வரும்போது பள்ளி வாசலில் குடித்துவிட்டு ஒருவர் விழுந்து கிடந்தால், எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். இப்படிப் பயப்படுகிறவர்களை இரக்கமற்றவர்கள் என்று ஏசுவது முறையல்ல.

ஆனால் இந்த வீடற்றோர் யார்? வெளியூரிலிருந்து லாரியில் ஏற்றிவந்து இறக்கப் போகிறவர்களா? இன்றிரவு பத்து மணிக்கு மேல் கடைவீதியில் ஒரு நடை நடந்து பாருங்கள். நம் ஷட்டருக்கு முன்னால் கோணிச் சாக்கை விரித்துப் படுத்திருப்பவர், பகலில் நம் பருப்பு மூட்டையைக் கிடங்கிலிருந்து வண்டிக்கு ஏற்றியவர்தான். மழை வந்தால் மூட்டைக்குத் தார்ப்பாய் போடுகிறோம். அதைத் தூக்கியவர் நனைகிறார். 1996-ல் கொத்தவால் சாவடிக் காய்கனி வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியபோது, கடைக்கு எத்தனை அடி, வாடகை எவ்வளவு என்று நாளெல்லாம் பேசினோம். சுமை தூக்குகிறவர்கள் எங்கே படுப்பார்கள் என்று நாம் கேட்டதாக நினைவில்லை.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர். அதில் 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் நகரங்களில் இருந்தார்கள். உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் வீடற்றோர் காப்பகங்கள் பற்றி உத்தரவிட்டது. 2013-ல் வந்த மத்திய அரசின் திட்டம், 1 லட்சம் மக்கள் தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் காப்பகம் வேண்டும் என்றது. வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே அது அமையவேண்டும் என்றும் சொன்னது. காரணம் எளிது. விடியற்காலை நான்கு மணிக்குச் சரக்கு இறக்க வேண்டியவரை ஊருக்கு வெளியே கொண்டு வைத்தால், மூன்றாம் நாள் அவர் மறுபடியும் நம் வாசலில்தான் படுப்பார்.

ஆகவே மனு வெற்றி பெற்றால் என்ன ஆகும்? வீடற்றோர் மறைந்துவிட மாட்டார்கள். பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்திலேயே இருப்பார்கள். பெயர் தெரியாது, கழிப்பறை கிடையாது, கேட்பார் கிடையாது. காப்பகம் என்றால் ஒரு பதிவேடு, ஒரு பொறுப்பாளர், ஒரு கதவு இருக்கும். பிள்ளைகளுக்கு எது பாதுகாப்பு?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தக் கல்வி நிலையத்துக்கும் 100 கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. மனுவில் கையெழுத்திட்ட நம்மவர்களில் அந்தக் கெஜக் கணக்கைக் கடைப்பிடிப்பவர்கள் எத்தனை பேர்? பிள்ளைகள் மீது உள்ள அக்கறை நம் கடைப் பெட்டியிலிருந்து தொடங்கட்டும்.

"வேண்டாம்" என்ற மனுவுக்குப் பதிலாக, "இப்படி நடத்துங்கள்" என்று சங்கத்தின் பெயரால் ஒரு மனு கொடுப்போம்.

1. காப்பகத்தின் வாசல் பள்ளித் தெருவில் வேண்டாம். கடைவீதிப் பக்கம் இருக்கட்டும்.

2. ஆண்களுக்குத் தனி இடம். பெண்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் தனி இடம்.

3. இரவும் பகலும் பொறுப்பாளர் இருக்கவேண்டும். குடித்துவிட்டு வந்து தகராறு செய்தால் என்ன நடவடிக்கை என்பது எழுத்தில் இருக்கவேண்டும்.

4. கழிப்பறை, தண்ணீர், தெருவிளக்கு ஆகியவை திறப்பு விழாவுக்கு முன்பே தயாராகவேண்டும்.

5. தலைமை ஆசிரியர், பெற்றோர், காவல் நிலையம், நமது சங்கம், தங்குவோரில் ஒருவர் ஆகியோர் மாதம் ஒருமுறை கூடிப் பேசவேண்டும்.

இவற்றை ஒப்புக்கொள்ளாமல் வெறும் கட்டடத்தைத் திறந்துவிட்டுப் போனால், எதிர்த்து நிற்பதில் நாமே முதல் ஆளாக இருப்போம். ஒப்புக்கொண்டால், முதல் ஐம்பது பாயும் போர்வையும் நமது கடைவீதியின் பொறுப்பாக இருக்கட்டும். நம் பங்கை இப்போதே சொல்லிவிடுகிறோம்: பத்து.

அடுத்த செயற்குழுவில் இது விவாதத்துக்கு வருகிறது. அதற்கு வருமுன், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கடை வாசலில் படுப்பவரின் பெயரை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு வரவேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறோம்.