மடங்கிய கையும் மடமையும்

பாரிசவாயு கண்டு பிழைத்தெழுந்தவர்களில் பலருக்கு, முதலில் துணிபோலத் துவண்டு கிடந்த கை, சில வாரங்கள் சென்றபின் முழங்கையில் மடங்கி, மணிக்கட்டு வளைந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிப் போவதைப் பார்க்கிறோம். இதைக் கண்டவுடன் வீட்டில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிடுகின்றன. பலம் திரும்பிவிட்டது, சாமி கண் திறந்தது என்பது ஒரு கட்சி. பூர்வ ஜென்ம வினை, இனி அவ்வளவுதான் என்பது மற்றொரு கட்சி. முன்னவர்கள் நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறார்கள். பின்னவர்கள் மந்திரிக்கிறவனையும் புறா ரத்தம் தடவுகிறவனையும் தேடிப் போகிறார்கள். இரண்டு கட்சிக்கும் செலவு உண்டு; நோயாளியின் கைக்கு மாத்திரம் ஒரு காசு பிரயோஜனம் கிடையாது.

உண்மை என்ன? எந்தத் தசையையும் சட்டென்று இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்கும். இது முதுகுத்தண்டின் வேலை. அவ்வேலை அளவுக்கு மிஞ்சாதபடி மூளை அதை ஓயாமல் அடக்கி வைக்கிறது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ அந்தப் பாகம் கெட்டால், அடக்குவாரின்றி முதுகுத்தண்டு தன்னிச்சையாய் நடக்கிறது. வேகமாக இழுத்தால் கை அதிகமாக முறைப்பதும், மெதுவாக நீட்டினால் ஓரளவு இணங்குவதும் இதனால்தான். ஆகவே இந்த இறுக்கம் பலமுமல்ல, சாபமுமல்ல.

1898ம் வருஷத்தில் ஷெரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர், மேல்மூளையின் தொடர்பை அறுத்தால் பூனையின் கால்கள் இதை ஒத்தபடி விறைப்பதைக் காட்டினார். பிறகு ஒரு காலிலிருந்து முதுகுத்தண்டுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு வேர்களை அறுத்தார். அந்தக் காலின் விறைப்பு தளர்ந்தது. அந்தப் பூனை போன ஜென்மத்தில் செய்த பாவம் என்ன? நரம்பு வேரை வெட்டியதும் அப்பாவம் எந்த வழியாக ஓடிற்று? கர்மம் பேசுகிற பண்டிதர்கள் பதில் சொல்லட்டும்.

நிற்க, கர்மத்தை விட்டோம் என்பதற்காக வைத்தியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. கையை இழுத்து நீட்டி வைத்தாலே போதும் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2017ல் வெளியான காக்ரேன் பரிசீலனையோ, சில மாத காலம் அப்படிச் செய்வதால் மட்டும் மூட்டின் அசைவு குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை என்று கண்டது. பொட்டுலினம் என்னும் கொடிய விஷத்தை மிகச் சிறிய அளவில் தசையில் ஊசி போட்டால் சுமார் மூன்று மாதம் இறுக்கம் தளர்கிறது. 2010ல் அமெரிக்க அரசாங்கம் கைக்கு இதை அனுமதித்தது. ஆனால் ஊசி இறுக்கத்தைத்தான் தளர்த்தும். சோற்றைப் பிசைந்து கொடுக்காது. கைக்கு வேலையைக் கற்பிப்பது வேலைதான். 2006ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், விரலில் கொஞ்சம் அசைவு மிஞ்சியிருந்த 222 பேரில் ஒரு பகுதியாருக்கு, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, இரண்டு வார காலம் வாதக் கையாலேயே வேலை பழக்கினார்கள். அதனால் உண்டான நன்மை ஒரு வருஷத்துக்குப் பிறகும் நிலைத்திருந்தது.

நம் வீடுகளிலோ, அன்பின் பேரால் நோயாளிக்குச் சோறு ஊட்டி, சட்டை மாட்டி, அந்தக் கையை மடியில் கிடத்தி வைத்துவிடுகிறோம். இல்லையேல் அதைப் பிடித்து இழுத்துத் தூக்கித் தோளைக் கெடுக்கிறோம். மரத்த கையில் கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் கொடுத்து வேகவைக்கிறோம்.

தோழர்களே! முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே கெடு. பிழைத்தபின் பயிற்சி வைத்தியரிடம் கேட்டு, கையை மெதுவாக அசைத்து, அதால் ஆன மட்டும் டம்ளரைப் பிடிக்கவும் துணியை மடிக்கவும் விடுங்கள். கோயில் உண்டியலில் போட வைத்திருக்கும் பணத்தை அந்தப் பயிற்சிக்குக் கொடுங்கள். மடங்கிய கை முழுதும் நிமிரும் என்று நாம் வாக்குக் கொடுக்க மாட்டோம். அப்படி வாக்குக் கொடுக்கிறவன் எவனோ, அவனிடம் உங்கள் பணப்பையை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளுங்கள்.