சொல்லிக் கொடுத்தால் போதுமா?

"டீச்சர் வேலைதானே! நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால் சம்பளம்!" என்று சொல்பவர்கள் எந்தத் தெருவிலும் உண்டு. வகுப்பில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். ஆசிரியையாகவே காலம் கழித்த எனக்கு, அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் சகோதரி சுப்புலட்சுமியின் நினைவுதான் வரும்.

1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம். சீக்கிரமே கணவர் காலமாகிவிட்டார். அப்படிப்பட்ட பெண்ணுக்கு மூலையும் முக்காடும்தான் என்றிருந்த காலம். ஆனால் பெற்றோர் அவரைப் படிக்க வைத்தார்கள். 1911-ல் பிரசிடென்ஸி கல்லூரியில் பி.ஏ. தேறினார். மறு வருஷமே, தம்மைப் போன்ற இளம் விதவைகள் சிலரை எழும்பூரில் சேர்த்து வைத்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். அந்த விடுதிதான் வளர்ந்து, நம் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைத்திருந்த கட்டிடம் அது. இன்று விவேகானந்தர் இல்லம்.

பெண்கள் பள்ளிகளுக்குப் பெண் டீச்சர் கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. வீட்டு மூலையில் கிடந்த பெண்களுக்கோ பிழைக்க வழியில்லை. இரண்டு முடிச்சையும் ஒன்றாக அவிழ்த்தார் சகோதரி. ஐஸ் ஹவுஸ் விடுதியில் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இடம் என்பது ஒரு குறைதான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1922-ல் அதே கடற்கரையில் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டது. முதல் பிரின்ஸிபால் சகோதரிதான். கல்லூரியோடு ஒரு பயிற்சிப் பள்ளியும் சேர்ந்திருந்தது. அங்கேதான் விஷயமே இருக்கிறது. சமையலைப் புத்தகத்தில் படித்தால் போதுமா? அடுப்படியில் நின்றால்தானே உப்பு, புளி அளவு தெரியும்!

ஆசிரியர் பயிற்சி என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. மாணவி முதலில் பாடக்குறிப்பு எழுத வேண்டும். எதைச் சொல்லப் போகிறாள், எந்தப் படத்தைக் காட்டுவாள், என்ன கேள்வி கேட்பாள் எல்லாம் அதில் வந்துவிடும். பிறகு நிஜக் குழந்தைகள் முன்னால் நின்று பாடம் எடுக்க வேண்டும். பின் பெஞ்சில் பேராசிரியையும் தோழிகளும் உட்கார்ந்து கவனிப்பார்கள். முடிந்ததும் விமரிசனம். "நீ நன்றாகத்தான் பேசினாய், அம்மா. மூன்றாம் வரிசைக் குழந்தைக்குப் புரிந்ததா?" அந்தக் கேள்வியில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. சொல்வது பாதி, கேட்பதும் பார்ப்பதும் மீதி.

பாட்டு வாத்தியாரைப் பாருங்கள். ஒரு சங்கதியைப் பாடிக் காட்டிவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார். ஸ்ருதி எங்கே விலகியது என்று குழந்தையின் குரல்தானே அவருக்குச் சொல்லும்!

வீட்டில் நாமும் டீச்சர்தானே? "எத்தனை தடவை சொல்லியாச்சு!" என்று அலுத்துக்கொள்வதற்கு முன், இதைச் செய்து பாருங்கள்.

முப்பத்திரண்டில் பதினேழு போனால் இருபத்தைந்து என்று குழந்தை எழுதுகிறதா? குட்டு வேண்டாம். "எப்படிப் போட்டே கண்ணு?" என்று கேளுங்கள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கும். பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும் என்று அது ஒரு சட்டம் வைத்திருக்கிறது. அது சோம்பல் இல்லை, யோசனைதான். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் மூன்றும், உதிரியாக இரண்டும் கொடுங்கள். ஏழு குச்சி எடுக்க முடியாமல் ஒரு கட்டைத் தானே பிரிக்கும். 'கடன் வாங்குவது' கைக்கு விளங்கிவிடும்.

"புரிஞ்சுதா?" என்றால் எந்தக் குழந்தையும் தலையாட்டும். "இப்போ நீ எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். எது புரிந்தது, எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே ராத்திரி ஒரு வரி: இன்று எங்கே தடுக்கியது, எதனால் விளங்கியது. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் குழந்தையின் மனசு மட்டுமல்ல, நம் கைப்பக்குவமும் தெரியும்.

அடுத்த முறை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, "எத்தனை மார்க்?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "எங்கே தடுக்கிறது, டீச்சர்?" என்றும் கேளுங்கள். தொழில் தெரிந்த டீச்சருக்கு அதைவிட மரியாதை வேறு இல்லை.