சாக்கெட்டின் முகத்தைப் பார்த்து கார்டு வாங்காதீர்கள்

அமெரிக்காவில் பழைய வீடுகளுக்குத் துணி டிரையர் மாட்டப் போகும் எலக்ட்ரீஷியன்களுக்குப் பழகிய தலைவலி இது: டிரையர் கார்டில் நாலு முனை, சுவரில் மூன்று துளை. மூன்று முனை கார்டு கடையிலேயே கிடைக்கிறது. மாற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அவ்வளவு எளிதாக இதை விடக்கூடாது.

புதிய டிரையர் லைனுக்கு நாலு வயர் கட்டாயம் என்று அந்நாட்டு மின்விதித் தொகுப்பு சொன்னது 1996-ல். பழைய லைன்களுக்கு விலக்கு உண்டு. அவற்றில் இரண்டு லைவ், ஒரு நியூட்ரல், அவ்வளவுதான். பாடிக்கு எர்த் வேலையையும் நியூட்ரலே பார்க்கிறது. டெர்மினலின் நடு ஸ்க்ரூவிலிருந்து பாடிக்குப் போகும் பட்டைதான் அந்த இணைப்பு. மூன்று முனை கார்டு என்றால் பட்டை இருக்க வேண்டும். நாலு முனை என்றால் அதைக் கழற்றிவிட்டு, பச்சை வயரைப் பாடியில் முடுக்க வேண்டும். கழற்ற மறந்தால் நியூட்ரல் மின்சாரம் எர்த் வயரிலும் பாடியிலும் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது.

மூன்று வயரில் ஆபத்து வேறு. ஹீட்டர் 240 வோல்ட். மோட்டாரும் டைமரும் 120. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், மோட்டார் வழியாக வந்த 120 வோல்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பட்டை வழியே பாடியில் ஏறி நிற்கும். டிரம் சுற்றவில்லையே என்று வீட்டுக்காரர் ஒரு கையை டிரையர் மேல் வைப்பார், இன்னொரு கை பக்கத்து வாஷிங் மெஷினில். அதற்கு எர்த் சரியாக இருக்கிறது! பிரேக்கரும் விழாது. நம்மூர்ப் பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் லூப் அடிக்கிறார்களே, அதே வினைதான். டிரையர் விஷயத்தில் அங்கே விதியே இடம் கொடுத்திருந்தது, அதுதான் வித்தியாசம்.

அந்த விலக்கும் மூன்று துளை தெரிகிற எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பிரேக்கரை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்துவிட்டு, பாக்ஸைத் திறந்து பாருங்கள். செம்பு நியூட்ரல் 10 கேஜுக்குக் குறையாமல், மேலுறையோடு இருக்க வேண்டும். வெறும் வயர் நியூட்ரலாக இருக்கலாம் என்றால், மெயின் பேனலிலிருந்து நேராக வரும் சர்வீஸ் கேபிளில் மட்டும்தான். சாதாரண இரண்டு கம்பி கேபிளின் வெறும் எர்த் வயரை நியூட்ரல் துளையில் சொருகி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அங்கே மூன்று முனை கார்டு மாட்டுவது அந்தத் தப்புக்கு நாமும் துணை போவது. நியூட்ரலோடு தனி எர்த்தும் பாக்ஸுக்குள் இருந்தால் சாக்கெட்டையே நாலு துளையாக மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால், விலக்கு பொருந்தினாலும் புதிதாக நாலு வயர் இழுப்பதே சரி. செலவைப் பார்த்து வாடிக்கையாளர் மறுப்பார். அப்படியானால் கிளாம்ப் இல்லாமல் கார்டை விடாதீர்கள், ஸ்க்ரூக்களை இறுக்குங்கள், மல்டிமீட்டர் காட்டும் 120-ஐ மட்டும் நம்பாதீர்கள்; அறுந்துபோகும் நிலையிலுள்ள நியூட்ரலும் லோடு இல்லாதபோது அதே 120-ஐத்தான் காட்டும். லோடு போட்டு அளந்து, தனி எர்த் இல்லாத லைன் இது என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.