இரும்பு ஏறலாம், மனிதன் நுழையக்கூடாதா?

தைப்பூசம் வந்துவிட்டால் நமது அன்னூர், அவிநாசிப் பக்கத்துக் குடியானவர்கள் காவடி தூக்கிக்கொண்டு பழனிக்கு நடையாய் நடக்கிறார்கள். அவர்களுக்குப் புத்தி சொல்லுவது ஒருபுறம் இருக்கட்டும். அங்கு அவர்கள் கண்ணால் காண்கின்ற ஒரு சங்கதியைப் பற்றி மாத்திரம் இன்று கேட்கின்றோம்.

அம்மலையில் 1966ம் வருஷத்தில் மின்சாரத்தால் இழுக்கும் விஞ்சு வைத்தார்கள். 2004ல் கம்பியில் தொங்கிப்போகும் ரோப் கார் வைத்தார்கள். படியேற மாட்டாத கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது நன்மையே. நாம் குறை சொல்லவில்லை. ஜப்பான் தேசத்திலும் இசுமோ என்னும் பழைய ஷின்டோ கோவிலின் எல்லைக்குள்ளேயே, கிகுதாகே என்ற கட்டட நிபுணர் 1963ல் கான்கிரீட்டில் புதுமாதிரிக் காரியாலயம் ஒன்று கட்டினார். 2016ல் அதை இடித்தும்விட்டார்கள். இதனாலெல்லாம் சாமி கோபித்துக்கொண்டதாக அங்கும் தகவல் இல்லை, இங்கும் தகவல் இல்லை.

நிற்க, ஆகமம் எழுதிய காலத்தில் விஞ்சு ஏது? சிமிட்டி ஏது? மின்சார விளக்கும் ஒலிபெருக்கியும் ஏது? இவைகளுக்கெல்லாம் வளைந்து கொடுத்த ஆகமம், ஒரு மனிதன் கர்ப்பக்கிரகத்திற்குள் நுழைவதென்றால் மாத்திரம் ஏன் விறைத்துக்கொள்ள வேண்டும்?

பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1970ல் சட்டசபை சட்டம் செய்தது. 1972ல் சுப்ரீம் கோர்ட்டார் அதை ஒப்புக்கொண்டும், நியமனம் ஆகமப்படியே இருக்கவேண்டும் என்று ஒரு பூட்டுப் போட்டார்கள். கருவறையில் சமத்துவம் கேட்ட பெரியார் அவர்கள் 1973ல் மறைந்தார். 2006ல் எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று உத்தரவாகி, பள்ளிகளில் பயின்று தேறியவர்களில் 24 பேர் 2021ல்தான் நியமனம் பெற்றார்கள். அதன்மேலும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. பழனி மலைமேல் இரும்பு ஏறி 55 வருஷம் கழித்து மனிதனுக்கு வழி பிறந்தது!

நமக்குச் சாமியிடம் நம்பிக்கை இல்லாதபோது இந்தக் கவலை எதற்கு என்பார்கள். நமக்கு வேண்டியது சாமியல்ல, மானம். நமது வரிப்பணமும் உண்டியல் காசும் உள்ளே போகலாம், நாம் கட்டிய சுவர் உள்ளே நிற்கலாம், கட்டிய கை மாத்திரம் வெளியே நிற்கவேண்டும் என்பது மனிதத்தன்மையா?

நமது ஊர் மன்னீஸ்வரர் கோவில் ஸ்தல புராணத்தையே பாருங்கள். காட்டில் கிழங்கு தோண்டிய வேடனின் ஆயுதம் பட்டுத்தான் லிங்கம் வெளிப்பட்டதாம். கதை பொய்யென்பது நமது கட்சி. ஆனால் மெய்யென்று சொல்லுகிறவர்களே, முதன்முதலில் தீண்டியவன் வேடன் என்றல்லவா நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள்? அவன் பேரன் தீண்டினால் மாத்திரம் தீட்டு எங்கிருந்து வந்தது?

தோழர்களே! அடுத்த தைப்பூசத்தில் விஞ்சில் ஏறப்போகிறவரைக் கண்டால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு அனுப்புங்கள். மலை இறங்குவதற்குள் அவராவது யோசிக்கட்டும்.