பூட்டு ஊரிலிருந்து கிளம்பலாம்... நாயை வேனில் பூட்டிவிட்டு மட்டும் இறங்காதீங்க!

மே மாதம் பிறந்தால் திண்டுக்கல் வீடுகளில் ஒரே பேச்சுதான். "கொடைக்கானல் எப்போ போறோம்?" நாய் வளர்க்கும் வீடு என்றால் அடுத்த கேள்வியும் உடனே வந்துவிடும். "நாலு நாளைக்கு இவனை யார்கிட்ட விடுறது?"

பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு வேளை சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்தால் அக்கா சொல்வார்: "வச்ச சோறு வச்சபடி இருக்குங்க. கேட்டையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்துச்சு."

இதனால்தான் நாயையும் ஏற்றிக்கொண்டு, வண்டியிலேயே தூங்கி, வண்டியிலேயே சமைத்து ஊர் சுற்றும் கேம்பர் வேன் பயணத்தின் மீது பல குடும்பங்களுக்கு ஆசை வந்திருக்கிறது. ஆசையில் தப்பில்லை. ஆனால், இந்தப் பயணத்தில் நேரத்தையும் வழியையும் முடிவு செய்ய வேண்டியது வீட்டுப் பெரியவர்களோ குழந்தைகளோ அல்ல, நாய்தான். அதை மறந்தால், ஆசையாய்க் கூட்டிப்போன பயணமே அதன் உயிருக்கு உலை வைத்துவிடும்.

ஏன் வேன்?

ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் கூபே அல்லது கேபின் முழுவதையும் நாமே பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான். ஸ்லீப்பரிலோ, சாதாரண ஏ.சி. பெட்டியிலோ அனுமதி கிடையாது. தங்கும் விடுதிகளிலும் "பெட்ஸ் நாட் அலவ்டு" பலகைதான் அதிகம்.

வெளிநாடுகளில் இதற்கு 'ஆர்.வி.' என்று பெயர். நம் ஊரில் கேரவன். சினிமா ஷூட்டிங்கில் பார்த்த அதே வண்டிதான். பக்கத்து மாநிலமான கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பார்க்கைத் திறந்தது. தண்ணீர், மின் இணைப்பு, கழிவுநீர் வெளியேற்றும் வசதி எல்லாம் அங்கே ஒரே இடத்தில். திண்டுக்கல் பக்கத்துப் பயணங்களில் வேன் நிற்பது பெரும்பாலும் ஒரு ரிசார்ட் வளாகத்திலோ, தெரிந்தவர் தோட்டத்திலோதான்.

வாடகைக்கு வேன் எடுப்பவர்கள் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. விபத்து என்றால் இன்ஷூரன்ஸும் கை கொடுக்காமல் போகலாம். சொந்த வேனில் கட்டில், அடுப்பு பொருத்த நினைப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஓடினால் வீடு, நின்றால் அடுப்பு

மனிதர்களுக்கு உடல் முழுக்க வியர்க்கும். நாய்க்கு அப்படி இல்லை. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அதற்கு இருக்கும் ஒரே ஏ.சி. சுற்றியிருக்கும் காற்றே சூடாகிவிட்டால் அந்த ஏ.சி. வேலை செய்யாது.

பூட்டிய வண்டிக்குள் நடப்பது அதுதான். வெயிலில் நிற்கும் வண்டியின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். அரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 20 டிகிரி. வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே 55-ஐ நெருங்கும். கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. அது 41-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. "வத்தலக்குண்டுல ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்" என்று எல்லோரும் இறங்கும் இருபது நிமிடம் அதற்குப் போதும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படாது. ஹஸ்கி போன்ற அடர்ந்த முடி நாய்களுக்கும் சமவெளி வெயில் ஆகாது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்கள் இந்த மண்ணின் வெயிலில் வளர்ந்தவை. ஆனால், பூட்டிய வண்டிக்குள் அவையும் தாங்காது.

ஆகவே இறங்கும்போது ஒருவராவது நாயோடு இருக்க வேண்டும். அல்லது நாயும் இறங்க வேண்டும். இறக்கும்போது தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கையால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

மூச்சு வாங்குவது நிற்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்சிவந்து, நாய் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, காற்று படும்படி விசிறுங்கள். ஐஸ் வேண்டாம், ஈரத்துண்டால் போர்த்தவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றியபடியே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

விடியலில் கிளம்புங்கள்

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 95 கிலோமீட்டர். ஊர் விழிக்கும் முன் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடலாம். சமவெளியிலிருந்து சுமார் 1,800 மீட்டர் மேலே போகிறோம் என்பதால் வெப்பமும் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறையும்.

கொண்டை ஊசி வளைவுகளில் மனிதர்களைப் போலவே நாய்களுக்கும் தலை சுற்றும், வாந்தி வரும். குட்டிகளுக்கு இன்னும் அதிகம். கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று நிறுத்தி நிறுத்திப் போவது நல்லது.

வண்டி ஓடும்போது நாயை வேனுக்குள் சும்மா உலவ விடக் கூடாது. கூண்டில் இருக்கட்டும். அல்லது மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸை சீட் பெல்ட்டோடு இணைத்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் கட்டினால் ஒரே பிரேக்கில் கழுத்து இறுகிவிடும். குரங்குகள் நிற்கும் இடங்களில் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அதே ஆண்டு நவம்பரிலிருந்து மலைப்பாதையில் அனுமதி இல்லை. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை உண்டு. நாய்க்கும் சேர்த்து வீட்டிலிருந்தே 20 லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுபோவது வசதி.

ஏரிக்கரையில் ஒரு நடை

1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவின்ஜ் உருவாக்கிய ஏரி இது. சுற்றிவர சுமார் ஐந்து கிலோமீட்டர். கூட்டம் சேரும் முன், காலைப் பனியில் நாயோடு நடக்க அருமையான பாதை.

ஆனால், இதே பாதையில்தான் சவாரிக் குதிரைகளும், வாடகை சைக்கிள்களும் வரும். குதிரையைப் பார்த்தே பழகாத நாய் திடீரெனக் குரைத்தால் குதிரை மிரளும். மேலே இருப்பது பெரும்பாலும் குழந்தை. நாயின் கயிறு கையில் சுருட்டியபடி குட்டையாக இருக்கட்டும். இழுத்தால் நீளும் கயிறு இங்கே வேண்டாம்.

ஏரித் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் பரவும். அது நாயிலிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றக்கூடியது. நாய் கழித்தால் அள்ளிப்போட ஒரு பை எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும். "நாயோட வர்றவங்களே இப்படித்தான்" என்ற பேச்சு நமக்கு அடுத்து வருபவர்களுக்கான கதவையும் சேர்த்துச் சாத்திவிடும்.

காட்டுமாடு நிற்கும் ஊர்

கொடைக்கானலில் காட்டுமாடுகள் பஸ் போகும் சாலையிலேயே நிற்கும். உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். அவிழ்த்துவிட்ட நாய்க்கு அது தெரியாது. குரைத்துக்கொண்டே ஓடும். காட்டுமாடு திருப்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடிவரும்? நேராகத் தன் வீட்டு ஆட்களிடம். பின்னாலேயே டன் கணக்கில் எடையுள்ள மாடும் வரும்.

இருட்டிய பிறகு இன்னொரு பயம் சிறுத்தை. மலை கிராமங்களில் சிறுத்தைக்கு எளிதாகக் கிடைக்கும் இரை நாய். இரவில் நாயை வேனுக்கு வெளியே கட்டிப்போடுவது அதற்கு விருந்து வைப்பது மாதிரி. அது உள்ளேயே படுக்கட்டும்.

பேரிஜம் போன்ற வனத்துறை கட்டுப்பாட்டில் உள்ள இடங்களுக்கு நாயைக் கொண்டுபோக நினைக்காதீர்கள். இது நம் நாயின் பாதுகாப்புக்காக மட்டுமல்ல. வீட்டு நாய்களிடம் இருக்கும் டிஸ்டெம்பர் கிருமி காட்டு விலங்குகளையும் கொல்லும். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் அந்த நோயில்தான் மடிந்தன. 2018-ல் குஜராத் கிர் காட்டுச் சிங்கங்களையும் அது விடவில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் செந்நாய்களும் நாய் இனம்தான்.

தோட்டத்தில் தங்குகிறீர்களா?

தாண்டிக்குடி காபித் தோட்டமோ, ஆத்தூர் பக்கத் தென்னந்தோப்போ, நத்தம் மாந்தோப்போ, வேனை நிறுத்த நிழல் கிடைத்துவிடும். உரிமையாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். சமீபத்தில் மருந்து அடித்தார்களா? எலிக்கு விஷம் வைத்திருக்கிறார்களா?

மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக அவுட்டுக்காய் வைப்பதும் உண்டு. தீனிக்குள் மறைத்த வெடி. சட்டப்படி குற்றம். நாய் வாசனை பிடித்துப்போய்க் கடித்தால் வாய் சிதறிவிடும். தோட்டத்துக்குள்ளும் கயிற்றை விட வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ராத்திரி குளிருக்காகக் கரி அடுப்பை வேனுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். மூடிய அறையில் கரி மூட்டம் போட்டுத் தூங்கியவர்கள் உயிரிழந்த சம்பவம் 2024-ல் கொடைக்கானலிலேயே நடந்தது. வேன் அதைவிடச் சின்ன அறை. நாய்க்கு ஒரு பழைய கம்பளி போதும்.

நமக்கு ருசி, நாய்க்கு விஷம்

திண்டுக்கல் மாவட்டம் பேர் வாங்கிய தீனிகளில் பாதி நாய்க்கு ஆகாது என்பது பலருக்குத் தெரியாது.

பிரியாணி: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும்.

கொடைக்கானல் மலைப்பூண்டு: புவிசார் குறியீடு பெற்றது. நமக்கு மருந்து, அதற்கு நஞ்சு.

ஹோம்மேட் சாக்லேட்: அதில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தைத் தாக்கும். டார்க் சாக்லேட் இன்னும் மோசம்.

கொடைரோடு, வெள்ளோடு பக்கத்துத் திராட்சை: சில பழங்களே சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

குழந்தைகள் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள். கிளம்பும் முன்பே அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன்...

வெறிநாய்க்கடி தடுப்பூசி, டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ தடுப்பூசிகள் போட்ட அட்டை கையில் இருக்கட்டும். உண்ணி மருந்தைப் பயணத்துக்குச் சில நாள் முன்பே போட்டுவிடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் செல்போன் எண் இருக்க வேண்டும். தங்கும் ஊரின் கால்நடை மருத்துவர் எண்ணை முன்கூட்டியே வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள். பயணத்தில் எந்த நாய் யாரைக் கடித்தாலும், காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல்முறையே நான்கு நாள் பயணம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் செம்பட்டி வரை வேனில் போய் வாருங்கள். நாய் நிம்மதியாகப் படுத்து வருகிறதா, நடுங்குகிறதா, வாந்தி எடுக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வயதான நாய், இதயக் கோளாறு உள்ள நாய், சினை நாய், தடுப்பூசி முடியாத குட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், வீட்டில் விட்டுவிடுங்கள். அப்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியோடு, நீங்கள் உடுத்திய பழைய சட்டை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போங்கள். அது படுக்கும் இடத்தில் போட்டு வைக்கட்டும். வீட்டு ஆட்களின் வாசனை பக்கத்தில் இருந்தால் நாய் கொஞ்சம் அமைதியாக இருக்கும்.